ஓஸ்வால்டின் இரண்டாம் புறப்பாடு

உட்காரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. செருப்பு புதுசு. ஜீவனஹள்ளியிலிருந்து இங்கே வருவதற்குள் இடது குதிகாலைக் கடித்துவிட்டது. பழையதையே போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனுக்கு முதல் தடவையாக வருகிறோம், கொஞ்சம் மரியாதையாகப் போகலாமே என்று நினைத்தேன்.

உங்கள் ரைட்டர் பேரும் ஊரும் எழுதிக்கொண்டார். ரெமிஜியஸ், ஜீவனஹள்ளி. தொழில் உபதேசியார் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'பாதிரிக்கு உதவி' என்று போட்டிருக்கிறார். பரவாயில்லை. உங்களைப் போன்ற ஐயங்கார் வீடுகளில் உபதேசியார் என்றால் தெரிந்திருக்க நியாயமில்லை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாமியார் இல்லாத நேரத்தில் ஜெபம் நடத்துவது, சாகக் கிடப்பவர் பக்கத்திலிருந்து வழியனுப்புவது, இதெல்லாம் எங்கள் வேலை. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவதில்தான் எனக்குப் பெயர்.

ரிட்டையரான ரயில்வே கார்டு ஓஸ்வால்ட், குடித்த தண்ணீர் புரையேறிச் செத்துப்போனார் என்று எங்கள் பக்கமெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அதைத் திருத்தத்தான் வந்தேன். ஆனால் ஒழுங்காகச் சொல்லவேண்டுமானால் முதலில் ஒரு லத்தீன் வினைச்சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். ரைட்டர் அந்தப் பகுதியை எழுதாவிட்டாலும் குற்றமில்லை, நீங்கள் கேட்டுக்கொண்டால் போதும்.

சின்ன வயதில் குருமடத்தில் சேர்ந்து சில வருஷம் லத்தீன் படித்தேன். சாமியார் ஆகவில்லை. 'இவனுக்கு ரோஷம் அதிகம்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கோபப்பட்டு யாரும் பார்த்தது கிடையாது. அவர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. படித்த லத்தீனை மட்டும் அவர்களால் திரும்ப வாங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் சொல்லும் வினைச்சொல் ப்ரொஃபிச்சிஸ்கோர். புறப்படுதல் என்று பொருள். சும்மா போவதற்கு லத்தீனில் வேறு சொல் இருக்கிறது. மார்க்கெட்டுக்குப் போவது, கொல்லைக்குப் போவது எல்லாம் அதில் அடங்கிவிடும். இது அப்படியல்ல. மூட்டை கட்டி, சொல்லவேண்டியதைச் சொல்லி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பியாயிற்று என்றால்தான் இந்தச் சொல் வரும். பாளையத்திலிருந்து படை புறப்படும், துறைமுகத்திலிருந்து வியாபாரி புறப்படுவான். நான் படித்த எந்த வாக்கியத்திலும் இந்தச் சொல்லுக்கு அப்புறம் அந்த ஆள் வீட்டிலேயே உட்கார்ந்து கஞ்சி குடித்ததாக இல்லை. இன்னொரு விசேஷமும் உண்டு. உருவத்தைப் பார்த்தால் செயப்பாட்டுவினை, யாரோ அவரைப் பிடித்து அனுப்புவதுபோல இருக்கும். பொருளில் அவரேதான் போகிறார். கூடப் படித்த பையன்கள் எல்லாரும் இதில் தடுமாறினார்கள். எனக்கு அது முதல் நாளே சுலபமாகப் பிடிபட்டது.

எங்கள் சபையில் ஆத்துமம் பிரிகிற நேரத்துக்கென்று இருக்கும் ஜெபம் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. ப்ரொஃபிச்சிஷெரே, ஆனிமா கிறிஸ்தியானா. கிறிஸ்தவ ஆத்துமமே, இந்த உலகத்தை விட்டுப் புறப்படு. அவ்வளவுதான். கெஞ்சல் கிடையாது. 'உனக்குச் சௌகரியப்பட்டால்' என்பது கிடையாது. அதற்கு முன்னால் அர்ச்சியசிஷ்டவர்களை, அதாவது மோட்சத்திலிருக்கும் புனிதர்களை, ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இவருக்காக வேண்டிக்கொள்ளும் என்று ஒரு பிரார்த்தனை சொல்வோம். அது முடிந்ததும் இந்தச் சொல்.

விஷஜுரம் வந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். கன்டோன்மென்ட் முழுக்க வீட்டுக்கு வீடு படுக்கை. சாமியார்களே படுத்துவிட்டார்கள். அப்போதுதான் நான் தெருத்தெருவாகப் போனேன். நான் அந்தச் சொல்லைச் சொன்னால் ஆள் புறப்பட்டுவிடுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. 'உபதேசியார் லத்தீனு சொன்னா உயிரு நிக்காது' என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். நான் ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால், லேசாக இருமிக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் 'எனக்கு வெறும் சளிதான்' என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துவார்கள். பல்வலிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்ததும் தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பெருமை பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போனவுடன் நோயாளியின் மூக்கு ஒடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன், பாதத்தைத் தொட்டு ஜில்லிட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். நேரம் வரவில்லை என்றால் பிரார்த்தனையை நீட்டுவேன். புத்தகத்தில் போட்டிருக்கும் பேர் ஜாபிதாவில் அர்ச்சியசிஷ்டவர்கள் தீர்ந்துபோனால் எனக்குத் தெரிந்த மற்றவர்களையும் கூப்பிடுவேன். ஒரு பட்டாளத்து சமையல்காரருக்காக, பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்துக்கு வெளியே யாரும் கேள்விப்பட்டிராத அர்ச்சியசிஷ்டவர்களையெல்லாம் கூப்பிட வேண்டியிருந்தது. இது ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். எந்தச் சொல்லையும் அதனதன் இடத்தில்தான் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

இனி ஓஸ்வால்ட். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. போன ஆவணி மழையில் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு படுத்தார். டாக்டர் கையை விரித்தார். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயை, அவஸ்தை என்போம், பூசிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். மத்தியானம் என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

வீடு கொள்ளாத ஜனம். போத்தனூர், கோலார், ஜோலார்பேட்டை என்று எல்லாரும் ரயில்வே சொந்தம், பாஸ் வைத்திருப்பவர்கள். பெட்டி தயாராகிக் கூடத்திலேயே இருந்தது, குழந்தைகள் அதன்மேல் ஏறி விளையாடின. குழி வெட்டியாயிற்று. கறுப்புத் துணிகள் தைத்து வந்தாயிற்று. ஓஸ்வால்டின் மனைவி பிரிஜெட்டம்மாள் அழுது களைத்து, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி டொமினிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உபதேசியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்கால வண்டியப் புடிக்கணும். அடக்கம் வேற இருக்கு. இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?"

நியாயமான கேள்விதான். அவருக்கு மறுநாள் டியூட்டி. அன்றைக்கு நான் செய்த ஒரே பிழை இதுதான். இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டேன். பிரார்த்தனையிலும் பாதி அர்ச்சியசிஷ்டவர்களைத் தாண்டிக்கொண்டு போனேன். எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். நான் குரலை உயர்த்தி அந்தச் சொல்லைச் சொன்னேன். ஓஸ்வால்டின் மூச்சு நின்றது. பிரிஜெட்டம்மாள் அவர்மேல் விழுந்து அழுதார். யாரோ கோவிலுக்கு ஓடினார்கள், துக்கமணி அடிக்க ஆரம்பித்தது.

மணி கொஞ்ச நேரம் அடித்திருக்கும். ஓஸ்வால்ட் ஒரு கண்ணைத் திறந்தார்.

"யாரு போய்ட்டாங்க?" என்று கேட்டார்.

அவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பசிக்கிறது, ஆட்டுக்கால் சூப்பு கிடைக்குமா என்றார். டொமினிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

அவர் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. பிழைப்பது யாருக்கும் நடக்கலாம். ஆனால் பிழைத்த ஓஸ்வால்ட் சும்மா இருக்கவில்லை. பெட்டியை வீணாக்கவேண்டாமென்று அதில் ராகி கொட்டிவைக்கச் சொன்னார். நடக்கத் தெம்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, கோவில் வாசலில் நின்று என்னைக் காட்டி எல்லாரிடமும் சொன்னார்.

"இவுரு எனக்குப் பச்சக்கொடி காட்டினாரு. ஏம்ப்பா, கார்டு நானு. நான் விசில் ஊதாம எந்த வண்டி நகர்ந்திருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு, என்னைப் பார்த்ததும் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். பாடல் குழுவில் பாடும் பெண்கள்கூடச் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் என் சொந்த விஷயம், தாங்கிக்கொண்டிருப்பேன். அந்தச் சொல்லுக்கு நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்துத் தெரு டோரீன் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷனுக்கு மஞ்சள் காமாலை.

"அண்ணே, ஓஸ்வால்டு மாமாவுக்குச் சொன்னீங்களே, அந்த லத்தீனு, அத எங்க வீட்டுக்காரருக்கு ஒருவாட்டி சொல்லுங்க. எழுந்து உக்காந்துடுவாரு."

நான் பொறுமையாக, அம்மா, அதன் அர்த்தம் உலகத்தை விட்டுப் புறப்படு என்பது, அதைக் கேட்டுத்தான் எழுந்து உட்காருவானா என்று கேட்டேன்.

"அர்த்தம் எதுக்குண்ணே? பலிச்சாப் போதாதா?" என்றாள்.

முடியாது என்று அனுப்பிவிட்டேன். ஓஸ்வால்ட் வீட்டில் அன்று அவளும் முழங்காலில் இருந்தாளே, காதில் விழுந்தமட்டும் வைத்துக்கொண்டு அவளே போய்ச் சொல்லிவிட்டாள். காமாலைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். கீழாநெல்லி கொடுத்திருந்தார்கள், அதனால் எழுந்தான். கீழாநெல்லிக்குப் பேர் வரவில்லை.

அப்புறம் நடந்ததை உங்களிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்தச் சொல்லைச் சீட்டில் எழுதித் தாயத்தாகச் சுருட்டிக் குழந்தைகள் கையில் கட்டினார்கள். ஈன்ற எருமை எழுந்திருக்கவில்லை என்று என்னை மாட்டுக்கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். காக்ஸ் டவுனில் குடியிருக்கும் சந்தானம் என்ற கிளார்க், உங்களவர்தான், வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு வந்து, மாட்டுப்பெண்ணுக்கு விட்டு விட்டு ஜுரம் அடிக்கிறது, அந்த மந்திரத்தை ஒரு தடவை சொன்னால் புண்ணியமாகப் போகும் என்றார். குழாயடியில் பெண்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதே மாறிப்போயிற்று. 'உங்க வீட்ல ப்ரொஃபிச்சி ஆச்சா?' என்று கேட்கிறாள் ஒருத்தி. 'ஆச்சு, நேத்தே எழுந்து நாஷ்டா சாப்ட்டாரு' என்கிறாள் இன்னொருத்தி. நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐயா, நீங்கள் சமஸ்கிருதம் படித்திருப்பீர்கள். கருமாதியில் சொல்லும் மந்திரத்தை யாராவது கல்யாணத்தில் சொல்லி, நன்றாயிருக்கிறது, இனி இதையே வைத்துக்கொள்வோம் என்றால் உங்களுக்கு எப்படியிருக்கும். எத்தனையோ நூற்றாண்டாக ஒரே பொருளில் நின்ற சொல், ஒரு ஆட்டுக்கால் சூப்பினால் தலைகீழாகப் போகிறது. அதற்கு நான் காரணமாகிவிட்டேன்.

பெரிய சாமியாரிடம் போய்ச் சொன்னேன். பிரான்சு தேசத்துக்காரர், வயதானவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவரும் சிரித்தார்.

"ரெமிஜியஸ், அது கதவைத் திறந்து விடுகிற வார்த்தை. திறந்தாச்சு. உள்ளே இருக்கிறவர் தம்முடைய நேரத்தில் போவார். உமக்கு என்ன அவசரம்?"

"அது கட்டளை இல்லையா சாமி?"

"ஆசீர்வாதம்" என்றார்.

சாமியார் நல்லவர். லத்தீனில் என்னைவிடக் கெட்டி என்று சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் லாசர் தையல்காரரின் மனைவி கேத்தரினம்மாள் சாகக்கிடந்தார். போனேன். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. பாதம் தொட்டுப் பார்த்தேன், பிரார்த்தனையை முழுதாகச் சொன்னேன், நேரம் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன். அம்மாள் அழகாகப் புறப்பட்டார். இந்தக் கன்டோன்மென்டில் அப்படி ஒரு புறப்பாட்டை நான் பார்த்ததில்லை. நான் புத்தகத்தை மூடுகிறேன், அவருடைய மகன் டென்சில் வந்து என் சட்டையைப் பிடித்தான்.

"ஓஸ்வால்டுக்கு ஒரு மாதிரி, எங்கம்மாவுக்கு ஒரு மாதிரியா? அவுருக்குச் சொன்னதையே சொல்றதுக்கு என்னா கேடு உனக்கு?"

அதையேதான் சொன்னேன் என்றேன். நம்பவில்லை. ஒழுங்காகச் செய்த வேலைக்குச் சட்டையைப் பிடிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் ஓஸ்வால்டிடமே பேசிப் பார்க்கலாம் என்று போனேன். அவருக்கு மறுபடி கால் வீங்கியிருந்தது, படுக்கையில் சாய்ந்திருந்தார். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிட்டார், ஒரு நாளைக்கு இரண்டு தம்ளருக்கு மேல் கூடாது. நான் கேட்டது பெரிய உதவி ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிறு கோவில் வாசலில் நின்று, நான் பிழைத்தது மருந்தினால், லத்தீனால் அல்ல, அது ஆளை அனுப்புகிற சொல்தான் என்று எல்லாருக்கும் ஒரு தடவை சொன்னால் போதும். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எனக்கு என்னா தெரியும், எதனால பொழச்சேன்னு? ஒருவேள உம்ம லத்தீன்னாலதான் பொழச்சேனோ என்னவோ. நான் செத்தாத்தான் அதுக்கு மரியாதன்னா, மரியாத சொல்பம் கம்மியாவே இருக்கட்டும்யா."

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். தெருமுனை தாண்டியபோது தூறல் ஆரம்பித்தது, குடையை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போனேன். பிரிஜெட்டம்மாள் குடையைக் கொண்டுவந்தார், கையில் கொடுக்கவில்லை.

"திரும்பி வந்துட்டீங்களே உபதேசியாரே. அப்பிடியே போவக்கூடாது. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் புறப்படுங்க."

உங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் இருக்கும். புறப்பட்டவர் பாதி வழியில் திரும்பி வந்தால் முதல் புறப்பாடு கெட்டுப்போயிற்று. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்படவேண்டும். சர்வேசுரன் சொன்னதில்லை, ஆனாலும் எங்கள் ஜனங்கள் விடவில்லை. நான் உட்கார்ந்தேன். தம்ளரை வாயருகில் கொண்டுபோனபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஓஸ்வால்டுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. சூப்பு கொடுத்தார்கள்.

அவர் புறப்பட்டது உண்மை. மூச்சு நின்றதை வீடு முழுக்கப் பார்த்தது. கொஞ்ச தூரம் போய்விட்டு ஏதோ ஞாபகத்தில் திரும்பி வந்திருக்கிறார். உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பவேண்டியவரை, சூப்பு கொடுத்துக் குடிவைத்துவிட்டார்கள். சொல்லில் பிழையில்லை. வீட்டார் செய்த முறையில்தான் பிழை. இவ்வளவு நாள் தூங்காமல் கிடந்தேனே, அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயில் அவர்கள் சொந்தத்தில் ஒரு ஞானஸ்நானம். வீட்டில் எல்லாரும் போகவேண்டும், ஓஸ்வால்டைத் தனியாக விடக்கூடாது. பிரிஜெட்டம்மாள் என்னைத்தான் கேட்டார். உபதேசியார் கூட இருந்தால் எனக்குக் கவலையில்லை என்றார். நான் கேட்டு வாங்கியதில்லை, அது தானாக வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரை எழுப்பித் தலையணைகளை முதுகுக்கு அண்டை கொடுத்து உட்காரவைத்தேன். படுத்தபடி குடித்தால் கணக்கில் வராது. பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துவந்தேன். டாக்டர் திட்டுவார் என்றார். ஒரு வாய்தான் என்றேன். அவர் குடித்த குடியைப் பார்த்திருக்கவேண்டும். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

"பிரிஜெட் ஒரு சொட்டு குடுக்க மாட்டேங்குறா. நீர் நல்ல மனுஷன்யா. உம்மப் போயி கேலி பண்ணினேனே" என்றார்.

எனக்கும் அவர்மேல் அன்பு பொங்கியது. பொய் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் புறப்படவில்லை. பங்காருப்பேட்டையில் ஒரு கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கழன்றுபோன கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் வாயைக் கதை பேசும் அவசரத்தில் சரியாகக் குடிக்கவில்லையோ என்று தோன்றியது. இன்னொரு வாய் கொடுத்தேன். கதையைத் தொடர்ந்தார். இன்னும் ஒரு வாய் கொடுத்தேன்.

போதும் என்றார். இன்னும் ஒரு வாய் என்றேன். சிரித்துக்கொண்டே குடித்தார், புரையேறிவிட்டது. புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவோமே, நானும் தட்டினேன். ஊற்றுவதை நிறுத்தவில்லை. தலையைத் திருப்பினார், மூக்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டேன். பெரிய உடம்பு, நோயிலும் பலம் இருந்தது. முழங்காலை அவர் நெஞ்சின்மேல் ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது. எப்படியும் முழங்காலில் இருக்கவேண்டிய நேரம்தான் அது. அவர் கை என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தது. வண்டி பிரேக்கைத் திருகிய கை. அந்தக் காயத்தைப் பார்த்துத்தான் உங்கள் ரைட்டர் நாய் கடித்ததா என்று கேட்டார். செம்பு காலியாயிற்று. கூஜாவில் இன்னும் இருந்தது.

அப்புறம் ஈரத் தலையணையை மாற்றினேன். முகத்தைத் துடைத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றி, பாடுபட்ட சுரூபத்தை, இயேசு தொங்கும் சிலுவையை, அவர் கையில் வைத்தேன். திரும்பி வந்த பிரிஜெட்டம்மாளிடம், தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்றேன். அதில் பொய் கொஞ்சம்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, புரையேறி மாரடைத்துவிட்டது என்றார். பெட்டியிலிருந்து ராகியை அள்ளி வேறு டின்னில் கொட்டினார்கள். எவ்வளவு துடைத்தும் பலகை இடுக்கில் கொஞ்சம் தங்கிவிட்டது, அவருடைய கறுப்புக் கோட்டுத் தோளில் ஒட்டிக்கொண்டே போயிற்று. டொமினிக்குக்கு இந்தத் தடவை வண்டி கிடைத்தது.

நான் எதிர்பார்த்ததெல்லாம் ஒன்றுதான். இனி ஜனங்கள் அந்தச் சொல்லை அதன் பொருளில் எடுத்துக்கொள்வார்கள். தாயத்துகளை அவிழ்ப்பார்கள். கல்லறையில் மண் போட்டுவிட்டு எல்லாரும் கலையும்போது டோரீன் என் பக்கத்தில் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. அந்த லத்தீன மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா மாமா பொழச்சிருப்பாரு. ஏண்ணே சொல்லல?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பிரிஜெட்டம்மாளும் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று முழுக்க அவள் கேட்டது காதிலேயே நின்றது. இதை இப்படியே விட்டால் அந்தச் சொல் கடைசிவரை எழுந்திருக்கிற சொல்லாகவே நின்றுவிடும், அதனால்தான் இன்று புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தேன். ஓஸ்வால்ட் புரையேறிச் சாகவில்லை. முறைப்படி அனுப்பிவைக்கப்பட்டார். நான் அனுப்பினேன். இதை எழுதி, கோவில் வாசலில் ஒரு தடவை வாசிக்க ஏற்பாடு செய்தால் போதும், என்னை என்ன செய்தாலும் சரி.

என்ன கேட்டீர்கள்? காதில் விழுந்தது ஐயா, நீங்கள் கேட்டது இதுதானே.

"அந்த வார்த்தைய எப்போ சொன்னீர் ஓய்? தண்ணிக்கு முன்னாடியா, பின்னாடியா? வரிசையா எழுதணுமோல்லியோ."

நியாயம்தான், வரிசை வேண்டும். செம்பை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. தலையணையை அண்டை கொடுத்தது, அவர் என்னை நல்ல மனுஷன் என்றது, கூஜாவைச் சாய்த்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வாய் பேசிக்கொண்டுதான் இருந்தது, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று தமிழில். நடுவில் ஒரு தடவை 'இப்ப விசிலடி பார்க்கலாம்' என்றும் சொன்னேன். புத்தகம் ஜன்னல் மேல் இருந்தது, அதை எடுத்துவரவேண்டும் என்று தோன்றவேயில்லை.

எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை.